கொம்பும் வீட்டு மூலையும்

கொம்பு ஒலிபெருக்கி என்றதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சி ஒன்றே. கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ, தென்னையின் கழுத்தில் வரிந்து கட்டப்பட்டு, நாற்றிசையும் அதிரப் பாடும் உலோகப் புனலையே நாம் கொம்பு என்று அறிவோம். அதன் குரல் நெடுந்தூரம் செல்லும். ஆயினும் அதனை இனிமையானது என்று எவரும் புகழ்வதில்லை. இசையை அருகிருந்து நுகர விரும்பும் ஒருவர் அத்தகைய கருவியைத் தம் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்வார் என்று கூறினால் நம்புவோர் சிலரே. எனினும், வீட்டிலே இசை கேட்பதற்கென இயற்றப்பட்ட கருவிகளுள் மிகச் சிறந்தவை எனப் பலரும் மதித்த சில, கொம்பு ஒலிபெருக்கிகளே. மரத்தின் மேலே கரகரக்கும் கொம்பு வீட்டின் உள்ளே கனிந்து பாடுவது எவ்வாறு? அதற்காக மனிதர் என்ன விலை கொடுத்தனர்? இவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கொம்பு செய்யும் தொழிலை அறிந்துகொள்வோம். ஒலிபெருக்கியின் உயிர்நிலை அதன் உள்ளே அதிரும் மென்றகடு ஆகும். சிறிய மென்றகடு ஒன்று திறந்த வெளியில் தனித்து அதிருமாயின், அது விரித்த விரல்களால் நீரைத் தள்ளுபவனது கையைப் போன்றது. நீர் விரலிடை நழுவுவது போலக் காற்று பக்கங்களால் நழுவிவிடும். உழைப்பில் பெரும்பகுதி வீணாகும். மென்றகட்டின் முன்னே ஒடுங்கிய தொண்டையை உடைய கொம்பொன்றைப் பொருத்தினால், காற்று நழுவுவதற்கு வழியில்லை. தொண்டையிலே சிறிய பரப்பில் மிகுந்த அமுக்கத்துடன் பிறக்கும் ஒலி, கொம்பு விரிய விரியச் சிறுகச் சிறுகத் தளர்ந்து, வாயை அடையும்போது பெரும் பரப்பில் மெல்லிய அமுக்கமாக வெளியே கலக்கிறது. சங்கின் உட்சுழியும், எக்காளத்தின் விரிவும், நாகசுரத்தின் அடியில் நிற்கும் அணசும் இந்த உண்மையைக் கணக்கறியாக் காலத்திலேயே கண்டறிந்தவர்களின் கைவண்ணங்களாம்.

இதனால் விளையும் நன்மை இரண்டு. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி தான் பெறும் மின்வலுவில் நூற்றுக்கு ஒரு பங்கையோ இரு பங்கையோதான் ஒலியாக்கும். நன்கமைந்த கொம்போ இருபது, முப்பது பங்கை ஒலியாக்கவல்லது. அன்றியும், வேண்டிய ஒலியைப் பெற மென்றகடு மிகச் சிறிதளவே அசைந்தால் போதும். குறைந்த அசைவிலே பிழையும் குறையும். தொலைவுக்குக் கேட்பதற்காகக் கொம்பை நாடியவர் முதல் நன்மையையும், இசைக்காக நாடியவர் இரண்டாவது நன்மையையும் பெரிதாக மதித்தனர்.

தோமஸ் அல்வா எடிசன் 1877 இல் பொனோகிராப்பை ஆக்கியபோதும், எமில் பேர்லினர் 1887 இல் தட்டையான இசைத்தட்டைக் கொண்ட கிராமபோனுக்கு உரிமை பெற்றபோதும், மின்சாரத்தின் துணை அவர்களுக்கு இருக்கவில்லை. ஊசியின் நுண்ணிய நடுக்கத்தை அறை முழுதும் கேட்கச் செய்யும் ஆற்றல் கொம்புக்கே இருந்தது. பாடகரும் ஒரு கொம்பின் வாயினுள்ளே பாடினர். கேட்போரும் ஒரு கொம்பின் வாயிலிருந்தே கேட்டனர். கொம்பின் முன் தலைசாய்த்து எசமானின் குரலைக் கேட்கும் நாயின் படம் நம் நாட்டு வீடுகளிலும் அறிமுகமானதே. அப்படத்தை வரைந்தவர் பிரான்சிஸ் பரோட் என்னும் ஓவியர்.

கொம்பு வீட்டுக்குள் நுழைந்த அன்றே வீட்டாருக்கும் அதற்கும் பிணக்கும் தொடங்கிற்று. அது இடத்தை அடைத்தது, தூசி சேர்த்தது, போவோர் வருவோரின் தோளில் இடித்தது. 1906 இல் விக்டர் நிறுவனம் விக்ட்ரோலா என்னும் பெயரில் ஓர் அலுமாரியை விற்பனைக்குக் கொணர்ந்தது. கொம்பு கீழ்நோக்கி வளைக்கப்பட்டு, மரக்கதவுகளின் பின்னே மறைக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு அழகாயிற்று, ஆயினும் அலுமாரிக்குள் அடங்கும் அளவுக்குக் கொம்பு குறுகிற்று. வீட்டு அழகுக்காக இசையின் ஒரு பகுதியைக் கைவிடும் வழக்கம் இவ்வாறு தொடங்கியது.

இதனிடையே மின்சாரம் புகுந்தது. கலிபோர்ணியாவில் நாபா என்னும் ஊரில் பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளொன்றை மென்றகட்டுடன் இணைத்து, அதன்மேல் கிராமபோன் கொம்பொன்றைப் பொருத்தினர். பெருங்குரல் எனப் பொருள்படும் மக்னவொக்ஸ் என்னும் இலத்தீன் பெயர் அதற்கு இடப்பட்டது. 1915 இல் பொதுமக்கள் முன் அது பேசிற்று. 1919 செப்டெம்பரில் அமெரிக்க சனாதிபதி வூட்ரோ வில்சன் சான் டியேகோ நகரில் ஏறத்தாழ 50,000 மக்களுக்கு இக்கருவியின் துணைகொண்டே உரையாற்றினார். நம் தென்னை மரத்துக் கொம்பின் மூதாதை அதுவே.

வானொலி பரவிய 1920களில் அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த சிறிய கொம்புகள் வானொலிப் பெட்டிகளின் மேல் அமர்ந்தன. கொழும்பிலிருந்து முறையான ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16 ஆந் தேதி தொடங்கிய காலத்தில், காதில் மாட்டும் கருவியை விட்டால், வீட்டார் ஒருங்கிருந்து கேட்பதற்குக் கிடைத்த சாதனம் இத்தகைய கொம்பே. மூக்கால் பேசுவது போன்ற அதன் தொனியை மக்கள் வானொலியின் இயல்பென்றே எண்ணினர்.

அது வானொலியின் இயல்பன்று, அளவின் குறையே. அதனைக் கணக்கால் நிறுவியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஆதர் கோர்டன் வெப்ஸ்டர். கொம்பினுள் ஒலி செல்லும் முறையை விளக்கும் அவருடைய சமன்பாடு 1919 இல் வெளியாயிற்று. 1924 இல் ஹனா, ஸ்லெபியன் என்னும் இருவர் அதனை ஒலிபெருக்கிக்கு உரிய விதியாக விரித்துரைத்தனர். சம தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்கும் கொம்பே சிறந்தது என்பது அவ்விதியின் சாரம். எத்தனை அடிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்பதே, அக்கொம்பு எவ்வளவு தாழ்ந்த சுரம்வரை பாடும் என்பதைத் தீர்மானிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒரு செக்கனில் 64 அதிர்வுகளைக் கொண்ட தாழ்ந்த ஒலிவரை இறங்க வேண்டுமாயின், கொம்பின் பரப்பு ஏறத்தாழ அடிக்கு ஒருமுறை இரட்டித்தல் வேண்டும். தொண்டையில் ஒரு சதுர அங்குலம் எனக் கொண்டால், ஓரடி சென்றதும் இரண்டு, ஈரடியில் நான்கு, மூவடியில் எட்டு எனப் பெருகும். சதுரங்கப் பலகையில் நெல்மணியை இரட்டித்த கதையை நம் சிறுவரும் அறிவர். கொம்பின் கதையும் அதுவே. கொம்பின் வாயின் சுற்றளவு அலைநீளத்தோடு ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. இன்றேல் ஒலி வாயை விட்டு வெளியேறாது உள்ளே திரும்பிவிடும். 64 அதிர்வுகளின் அலைநீளம் 17 அடிக்கு மேல். அதற்கேற்ற வாயைப் பெறப் பன்னிரண்டு முறை இரட்டித்தல் வேண்டும். பன்னிரண்டாவது அடியில் பரப்பு 4,096 சதுர அங்குலமாகிறது. அஃதாவது, பன்னிரண்டடி நீளமும் வீட்டு வாயிற்கதவை விடப் பெரிய வாயும் கொண்ட ஒரு கொம்பு!

இப்போது தென்னை மரத்துக் கொம்புக்கு வருவோம். அதன் வாய் இருபது அங்குல விட்டமுடையது எனக் கொண்டால், சுற்றளவு ஐந்தடிக்குச் சற்று மேல். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,125 அடி செல்வதால், அக்கொம்பு 215 அதிர்வுகளுக்குக் கீழே செவ்வனே பாட இயலாது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்மகனின் ஆதார சட்ஜம் சுமார் 130 அதிர்வுகள். ஆகவே, பாடகரின் ஆதார சுருதியையே அக்கொம்பு விழுங்கிவிடுகிறது. தவிலின் தொப்பி பேசுவதும் மறைகிறது. எஞ்சி நிற்கும் மேற்சுரங்களைக் கொண்டு நம் செவி மற்றதை ஊகித்துக்கொள்கிறது. கொம்பு என்பதால் அது கரகரக்கவில்லை. சிறிய கொம்பு என்பதாலேயே கரகரக்கிறது.

இவ்விதி வெளியான அடுத்த ஆண்டே, 1925 இல், இரு நிகழ்ச்சிகள் எதிரெதிராக நிகழ்ந்தன. பெல் ஆய்வுக்கூட அறிஞர் மக்ஸ்பீல்டும் ஹரிசனும் வகுத்த கணக்கின்படி, விக்டர் நிறுவனம் ஓதொபோனிக் என்னும் கிராமபோனை வெளியிட்டது. விதிப்படி விரியும் நீண்ட கொம்பை மடித்து மடித்து அலுமாரிக்குள் அடக்கிய கருவி அது. மின்சாரமின்றியே அது தந்த தாழ்சுரம் கேட்டோரை வியக்கவைத்தது. அதே ஆண்டில் செஸ்டர் ரைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் கொம்பே இல்லாத ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்தனர். காகிதக் கூம்பொன்று கம்பிச்சுருளால் இயங்கி, நேரடியாகக் காற்றை அசைக்கும் முறை அது. மின்வலுவைச் சிறிது விரயஞ்செய்தாலும் சிறிய பெட்டியில் அடங்கும். வீட்டார் மகிழ்ந்தனர். சில ஆண்டுகளுக்குள் வானொலிப் பெட்டிகளிலிருந்து கொம்பு மறைந்தது. திரையரங்குகளும் பொதுவெளிகளும் அதன் புகலிடமாயின.

எனினும், விதியை முழுவதும் நிறைவேற்றினால் எத்தகைய ஒலி பிறக்கும் என்று கேட்டறிய விரும்பியவர்களும் இருந்தனர். இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரொடெரிக் டென்மன், 27 அடி நீளமான கொம்பொன்றை அமைத்தார். ஒடுங்கிய தொண்டையில் தொடங்கிய அது, ஏழடி ஓரங்குலப் பக்கங்களையுடைய சதுர வாயாக விரிந்து, 32 அதிர்வுகள் வரை இறங்கிற்று. 1930களில் அருங்காட்சியகத்துக்கு வந்தோர் அதன்வழி வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டு வியந்தனர். 1949 இல் நேர்ந்த விபத்தில் அதன் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய பகுதியைக் கொண்டு 2014 இல் அது மீண்டும் முழுமையாக்கப்பட்டது. கொம்பின் குரல் எத்துணைச் சிறந்தது என்பதற்கு அது சான்று. வீட்டுக்கு அது பொருந்தாது என்பதற்கும் அதுவே சான்று.

இப்பிணக்கைத் தீர்க்க ஒரே வழி இருந்தது. வீட்டுக்குள் கொம்பை நுழைப்பதை விடுத்து, வீட்டையே கொம்பின் ஒரு பகுதியாக்குவதே அவ்வழி. வெளியில் தொங்கும் கொம்பு எல்லாத் திசைகளிலும் உள்ள காற்றை அசைக்க வேண்டும். அதனை நிலத்தில் வைத்தால் பாதித் திசைகள் அடைபடும். சுவரோடு சேர்த்தால் காற்பங்கே எஞ்சும். இரு சுவர்களும் நிலமும் கூடும் மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். ஆகவே வாயின் பரப்பும் எட்டில் ஒன்றாக இருந்தாற் போதும். மேலே கண்ட கணக்கில் 4,096 சதுர அங்குலம் 512 ஆகக் குறைகிறது. எட்டு என்பது மூன்று முறை இரட்டித்தலாதலால், நீளமும் பன்னிரண்டடியிலிருந்து ஒன்பதடியாகிறது. எஞ்சிய விரிவை மூலைச் சுவர்களே செய்து முடிக்கின்றன. அச்சுவர்களுக்குத் தச்சுக்கூலி ஏதுமில்லை. அவை முன்னரே கட்டப்பட்டவை.

இவ்வழியை வீட்டுக் கருவியாக்கியவர்களுள் ஒருவர் போல் வொய்க்ட். 1901 இல் இலண்டனில் செர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த அவர், கொம்பின் விரிவுக்கு வேறொரு வளைவைத் தேர்ந்தார். கயிற்றின் நுனியில் கட்டுண்ட கன்று, நேர்வழியே நடப்பவனால் பக்கத்திலிருந்து இழுக்கப்படும்போது நிலத்தில் எவ்வாறு வளைந்து வருமோ அவ்வளைவு அது. கணித நூலார் அதனை டிராக்ட்ரிக்ஸ் என்பர். 1934 இல் அவர் வெளியிட்ட மூலைக் கொம்பு, இங்கிலாந்தின் வீடுகளில் மூலையோடு மூலையாக நின்று மேல்நோக்கிப் பாடிற்று. வொய்க்ட் 1950 இல் கனடாவுக்குச் சென்றபின், அவருடைய மரபு லோதர் என்னும் பெயரில் தொடர்ந்தது.

மற்றவர் அமெரிக்கரான போல் கிளிப்ஸ். 1904 இல் பிறந்த அவர், சிலி நாட்டில் மின்சாரப் புகைவண்டிகளைப் பராமரித்தும், நிலத்தடி எண்ணெயைத் தேடும் பௌதிகத் துறையில் உழைத்தும், இரண்டாம் உலகப் போரின்போது ஆர்கன்சோ மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில் படை அதிகாரியாக வந்து சேர்ந்தார். சிறிய உருவில் தாழ்சுரக் கொம்பை அமைக்கும் முறையை 1941 இல் எழுதி வெளியிட்ட அவர், போர் முடிந்தபின் 1946 இல் அவ்வூரிலேயே ஒரு தகரக் கொட்டகையில் தொழிலைத் தொடங்கினார். அவருடைய கிளிப்ஸ்கோர்ன் நாலடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும், இரண்டரை அடி அளவான அகலமும் கொண்டது. தாழ்சுரத்துக்குரிய கொம்பு இரண்டாகப் பிரிந்து, பலகைகளினூடே மடிந்து மடிந்து, பெட்டியின் இரு பக்கங்களாலும் மூலைச் சுவர்களை நோக்கி வெளிப்படும். அங்கிருந்து சுவர்களே கொம்பாகும். நாற்பது அதிர்வுகளை அண்டிய ஒலியையும் சில வாட்டு வலுவிலேயே அது அறை நிரம்பப் பாடும். அக்காலத்து வால்வுக் கருவிகள் தரக்கூடியதும் அச்சில வாட்டுகளே என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இத்தகைய கொம்பை வீட்டில் கட்டவும் நிறுவவும் முயல்வோர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில உள. வளைந்த விரிவை நேர்ப்பலகைத் துண்டுகளால் ஏறத்தாழ அமைக்கலாம். தாழ்சுரத்துக்கு அதனால் பெரும் கேடில்லை. ஆனால் பலகை அதிர்தல் ஆகாது. மெல்லிய பலகை, தானே பாடத் தொடங்கிவிடும். ஆதலால் தடித்த ஒட்டுப்பலகையும் குறுக்குச் சட்டங்களும் வேண்டும். இணைப்புகளில் காற்றுக் கசிவு இருத்தல் கூடாது. கொம்பின் விளிம்பு சுவரோடு இடைவெளியின்றிப் பொருந்துதல் வேண்டும். சுவரும் உறுதியானதாக இருத்தல் வேண்டும். கல்லாலும் சாந்தாலும் எழுந்த சுவர் நன்று. கிடுகுத் தட்டியாலான மூலையும், கதவோ சன்னலோ திறந்திருக்கும் மூலையும் தாழ்சுரத்தை வெளியே விட்டுவிடும். நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ற வீடு காற்றோட்டமுள்ள வீடு; கொம்புக்கு ஏற்ற மூலையோ அடைத்த மூலை. இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவது எளிதன்று.

காலத்தைப் பொருத்துவதும் ஒரு சிக்கல். உயர்சுரத்துக்குச் சிறிய கொம்பையும் தாழ்சுரத்துக்கு மடித்த நீண்ட கொம்பையும் பயன்படுத்தும்போது, தாழ்சுரம் உள்ளே ஒன்பதடி சுற்றிவந்தால், செக்கனில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு பிந்தி வரும். 1930களில் ஹொலிவூட் திரையரங்கப் பொறியியலாளர் இத்தொல்லையைக் காலடித் தாள நடனத்தின்போதே கண்டறிந்தனர். ஓரடி வைத்த இடத்தில் ஈரடி ஓசை கேட்டதாம். மிருதங்கத்தின் ஒரே அடியில் தொப்பியும் வலந்தலையும் பிரிந்து கேட்பின் நாமும் அதனை உணர்வோம்.

கிளிப்ஸ்கோர்ன் புகழுச்சியில் இருந்தபோதே அதற்குப் போட்டியும் எழுந்தது. 1954 இல் எட்கர் வில்ச்சர் என்பார், மூடிய சிறு பெட்டியின் உள்ளே அடைபட்ட காற்றையே வில்லாகக் கொண்டு, ஆழ்ந்த தாழ்சுரத்தைத் தரும் ஒலிபெருக்கியை ஆக்கினார். அது புத்தக அடுக்கில் அமரும். ஆயின் மிகுந்த மின்வலுவை விழுங்கும். சில ஆண்டுகளில் திரான்சிஸ்டர் வந்து மின்வலுவை மலிவாக்கிவிட்டது. 1958 இல் இருவழி ஒலியுடைய ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தன. ஒரு மூலையைத் தேடுவதே அரிதாயிருந்த வீட்டில் இரு மூலைகளை, அதுவும் ஒரே சுவரின் இரு பக்கங்களில், எவ்வாறு தேடுவது? மூலைக்கு உட்படாத ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கிளிப்ஸே 1957 இல் ஆக்க நேர்ந்தது. கொம்புநெறியின் தலைவரே நெறி பிறழ்ந்தார் என்று நண்பரொருவர் நகையாட, அக்கருவிக்குச் சமயத்துரோகம் எனப் பொருள்படும் ஹெரசி என்ற பெயரையே அவர் சூட்டினார்.

இவ்வரலாற்றின் உட்பொருளை ஹொஃப்மன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சுருங்க உரைத்தார். சிறிய உருவம், ஆழ்ந்த தாழ்சுரம், குறைந்த வலுவில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயலாது. எவையேனும் இரண்டையே தேர்ந்துகொள்ளலாம். இதனை ஹொஃப்மனின் இரும்பு விதி என்பர். வில்ச்சர் முதலிரண்டைத் தேர்ந்தார். தென்னை மரத்துக் கொம்பு முதலாவதையும் மூன்றாவதையும் தேர்ந்தது. ஆகையால் ஆழ்ந்த சுரத்தை இழந்தது. வொய்க்டும் கிளிப்ஸும் பின்னிரண்டைத் தேர்ந்து, உருவத்தின் பாரத்தை வீட்டுச் சுவர்களின்மேல் ஏற்றினர். விதியை எவரும் வெல்லவில்லை. விலையை யார் செலுத்துவது என்பதையே மாற்றினர்.

கொம்பு வழக்கொழிந்து போகவுமில்லை. 1974 இல் ஜாக் டின்ஸ்டேல் இங்கிலாந்தின் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் எழுதிய தொடர்கட்டுரைகள், கொம்பின் கணக்கை வீட்டுத் தச்சருக்கும் எட்டச் செய்தன. யப்பானில் டெட்சுவோ நாகஓகா வெளியிட்ட வரைபடங்களைக் கொண்டு, ஒரேயொரு சிறிய ஒலிபெருக்கியின் பின்னே மடித்த கொம்பைப் பலகையால் கட்டியோர் பலர். இன்று கணினி அக்கணக்கை நொடியில் முடித்துத் தருகிறது. ஆயினும் வாயின் அளவைக் குறைக்கக் கணினியாலும் இயலவில்லை. கொம்பைக் கட்ட விரும்புவோர் பலகையை அளக்குமுன் அறையை அளந்துகொள்வது நன்று. மூலையில் தள்ளுதல் என்பது நம் பேச்சு வழக்கில் ஒரு பொருளை வேண்டாவென ஒதுக்குவதையே குறிக்கும். கொம்பு தன் முழுக்குரலைப் பெற்றதோ அந்த மூலையிலேதான்.